ரெண்டு டீச்சர், அஞ்சு கிளாஸ்: பாடம் நடத்த நேரம் மிச்சம் புடிக்கறது எப்படி

நம்ம வேலூர் மாவட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு புதுசா ஜாயின் பண்ற, இல்ல கவுன்சலிங்ல மாறி வர்ற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன். நான் 2010 ஆரம்பத்துல இடைநிலை ஆசிரியரா சேந்தவ. முதல்ல அணைக்கட்டு ஒன்றியத்துல மலை மேல பீஞ்சமந்தை பக்கம், அப்புறம் கீழ இறங்கி இப்ப குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவுல ஒரு ஊர்ல இருக்கேன். ஈராசிரியர் பள்ளி. 41 பிள்ளைங்க, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கிளாஸ், ஹெச்எம் (தலைமை ஆசிரியர்) ஒருத்தர் நான் ஒருத்தி, அவ்ளோதான் ஸ்டாஃப். ட்ரெய்னிங்ல பாடம் நடத்தறது எப்படின்னு நிறைய சொல்லிக் குடுப்பாங்க, பாடம் நடத்த நேரம் எங்க இருந்து வரும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அத தான் நான் சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா புரிஞ்சிக்கோங்க, இல்லனா உங்க மேலயே உங்களுக்கு கோவம் வரும். நீங்க சோம்பேறி இல்ல, கணக்கே அப்படித்தான் போட்டு வெச்சிருக்காங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்து 2010 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்துச்சு. அதோட அட்டவணைல தொடக்கப்பள்ளிக்கு 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், 61 ஆனா தான் மூணாவது ஆள். சட்டம் தலைய எண்ணுது, கிளாஸ எண்ணல. 41 பிள்ளைங்க ஒரே கிளாஸ்ல இருந்தாலும் அஞ்சு கிளாஸ்ல பிரிஞ்சு இருந்தாலும் பேப்பர்ல ஒண்ணு தான். அதே சட்டம் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்கணும்னு சொல்லுது, அதாவது நாளைக்கு 4 மணி நேரம். இப்ப நீங்களே போட்டுப் பாருங்க, ஒன்னு ரெண்டு மூணு கிளாஸ நான் பாத்தா ஒரு கிளாஸுக்கு 80 நிமிஷம், நாலு அஞ்சு பாக்கற ஹெச்எம்முக்கு கிளாஸுக்கு 120 நிமிஷம். அவர் மீட்டிங் போய்ட்டாருன்னா அஞ்சு கிளாஸும் என் தலைல, அன்னிக்கு ஒரு கிளாஸுக்கு 48 நிமிஷம். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாத்துக்கும் சேத்து 48 நிமிஷம். இந்த 48ங்கற நம்பர மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜாயின் பண்ண முதல் மாசம் வேற எதுவும் மாத்தாதீங்க, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு நாளும் பாடம் நின்ன நேரத்த மட்டும் குறிங்க. தேதி, எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும், எதுக்காக, யார் சொன்னது. எமிஸ்ங்கற அரசு வெப்சைட்ல பிள்ளைங்க விவரம் ஏத்தறது, டிஎன்செட்ங்கற கல்வித்துறை ஆப் தொங்கறது, ஆதார் அப்டேட், உதவித்தொகைக்கு பேங்க் அக்கவுண்ட், நோட்டு புத்தகம் யூனிஃபார்ம் போய் எடுத்துகினு வர்றது, சிஆர்சி (குறுவள மையம்) கூட்டம், பிஆர்சி (வட்டார வள மையம்) ட்ரெய்னிங், வாட்ஸ்அப் குரூப்ல காலைல பத்தரைக்கு "மிக மிக அவசரம், 12 மணிக்குள்"னு ஒரு ஃபார்மட். எல்லாத்தையும் எழுதுங்க. கோவத்த எழுதாதீங்க, மணிய மட்டும் எழுதுங்க. நான் ஒரு ஜூலை மாசம் அப்படி எழுதினப்ப 22 வேலை நாள்ல 9 நாள் நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் தான் ஸ்கூல்ல இருந்திருக்கோம். அதுவரைக்கும் எனக்கு "அப்பப்ப போறாங்க"ன்னு தான் தோணிட்டு இருந்துச்சு. ஒம்போது நாள்னு எழுத்துல பாத்தப்ப தூக்கம் வரல.

அந்த மாசத்துல நடந்த ஒண்ண சொல்லணும். மூணாங்கிளாஸ்ல ஒரு பையன், வீட்ல தெலுங்கு, தமிழ் எழுத்து தனித்தனியா தெரியும் கூட்டிப் படிக்க வராது. ரெண்டு மாசமா அவனோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஒரு புதன்கிழமை என் டேபிள் கிட்ட நின்னு "ம... ர... ம்..."னு விரல் வெச்சு நகத்திட்டு வந்தான், வாய் வரைக்கும் வந்துடுச்சு, அந்த நேரம் பாத்து போன். ஒரு விவரம் உடனே வேணும், இல்லனா நம்ம ஒன்றியம் மட்டும் பெண்டிங்ல நிக்குதுன்னு. "உக்காருடா வந்துட்றேன்"னு சொல்லிட்டு போனேன், அந்த விவரம் ஏத்தி முடிக்க மதிய சாப்பாட்டு பெல் அடிச்சிடுச்சு. நான் வந்து பாக்கறப்ப அவன் அந்த பக்கத்துல விரல் வெச்சபடியே உக்காந்திருந்தான். அன்னிக்கு எடுத்த முடிவு தான் அடுத்து சொல்ற வழி.

பிரேயர் முடிஞ்சதுல இருந்து காலை இன்டர்வெல் பெல் வரைக்கும் போன் பீரோக்குள்ள. அட்டெண்டன்ஸ் மட்டும் போட்டுட்டு சைலன்ட்ல வெச்சு பூட்டிடுங்க. இது ஒளிவு மறைவா செய்யற வேலை இல்ல, முதல்லயே ஹெச்எம் கிட்ட பேசி, பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல எங்க ஸ்கூல பாக்கற ஆள் கிட்ட மரியாதையா "மேடம், 11 மணிக்கு மேல எந்த விவரம் கேட்டாலும் அன்னிக்கே குடுத்துட்றோம், காலைல மட்டும் கிளாஸ்ல இருப்போம்"னு சொல்லிடுங்க. சொன்ன மாதிரி 11 மணிக்கு மேல கரெக்டா குடுத்துடணும், ரெண்டு தடவ லேட் பண்ணீங்கன்னா அந்த காலை நேரமும் போய்டும். ஏன் காலைலன்னு கேட்டா நம்ம ஊர் வெயில் தான் காரணம். பிப்ரவரி கடைசிலயே மதியம் ரெண்டு மணிக்கு கிளாஸ் ரூம் கொதிக்கும், பிள்ளைங்க கண்ணு சொருகும், அந்த நேரத்துல புது எழுத்து எதுவும் ஏறாது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25ல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்ததுல, பசியோட வர்ற பிள்ளைங்க இல்ல, நேரத்தோட வர்றாங்க. கல்விக் கொள்கைன்னு பேசறப்ப நான் கை எடுத்து கும்புடற விஷயம்னா அது தான். அந்த சாப்பாடு குடுக்கற தெம்ப பாடத்துக்கு செலவு பண்ணனும், ஃபார்ம் நிரப்ப இல்ல.

11 மணிக்கு மேல சீக்கிரம் முடிக்கணும்னா ஒரு மாஸ்டர் நோட்டு வேணும். பெரிய லாங் சைஸ் நோட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எமிஸ் நம்பர், பிறந்த தேதி ஆதார்ல இருக்கற மாதிரியே, அப்பா அம்மா பேர் எழுத்து மாறாம, சாதிச் சான்று நம்பர், ரேஷன் கார்டு, பேங்க் அக்கவுண்ட், ரத்த வகை, யூனிஃபார்ம் அளவு, செருப்பு அளவு, மாறாத ஒரு போன் நம்பர். எந்த ஃபார்மட் வந்தாலும் இதே விவரத்தத் தான் வேற வரிசைல கேப்பாங்க, 41 வீட்டுக்கு திரும்ப திரும்ப ஓட வேண்டாம். ஜூன்ல ஒரு வாரம் உக்காந்து இத முடிச்சா மார்ச் வரைக்கும் உங்கள காப்பாத்தும். பூட்டி வெச்சிக்கோங்க, பிள்ளைங்க ஆதார் போட்டோவ எந்த குரூப்லயும் போடாதீங்க, யார் கேட்டாலும்.

அடுத்து தினமும் படிக்க வைக்கறது. எண்ணும் எழுத்தும்ங்கற அரசுத் திட்டம் 2022ல வந்துச்சு, பிள்ளைங்கள அவங்க கத்துக்கிட்ட நிலைய வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு நடத்தணும். யோசனை நல்ல யோசனை தான், கொரோனாக்கு அப்புறம் எழுத்து மறந்து வந்த பிள்ளைங்களுக்கு அது தேவையாவும் இருந்துச்சு. எனக்கு இருக்கற சண்டை அதோட ஆப் மதிப்பீட்டோட தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆப்ல கேள்வி ஓட்டி டிக் போடற நேரத்துல அந்தப் பிள்ளைய ஒரு பக்கம் படிக்க வெச்சிடலாம். அதனால என் வழக்கம் என்னன்னா, ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு தடவ 3 நிமிஷம், நானும் அவனும் மட்டும், அவன் சத்தமா படிக்கணும் நான் கேக்கணும். 41 பிள்ளைக்கு 123 நிமிஷம், அஞ்சு நாளா பிரிச்சா நாளைக்கு 25 நிமிஷம் கூட ஆகாது. படிச்ச கடைசி சொல், தடுமாறின எழுத்து, ரெண்டையும் ஒரு சின்ன நோட்டுல குறிச்சிடுவேன். ஆப்ல ஏத்தறப்ப அந்த நோட்ட பாத்தே ஏத்திடலாம், கேள்வி கேட்டா காட்டவும் எழுத்துல ஆதாரம் இருக்கும். பேரணாம்பட்டு பக்கம் வந்தீங்கன்னா வீட்ல உருது பேசற பிள்ளைங்க, பார்டர் பக்கம்னா தெலுங்கு பேசற பிள்ளைங்க வருவாங்க, அவங்களுக்கு முதல் ரெண்டு மாசம் எழுத்த விட பேச்சு முக்கியம். அவங்க வீட்ல சொல்ற பத்து சொல்ல நீங்க கத்துக்கோங்க. "நீளு"ன்னு அவன் சொல்றப்ப நீங்க "ஆமாடா, தண்ணி"ன்னு சொன்னா போதும், பயம் விட்டுப் போய்டும்.

ஒத்தையா மாட்டற நாளுக்கு தனி ஏற்பாடு பண்ணி வைங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த 9 நாள் திடீர்னு தான் வரும், முந்தின நாள் ராத்திரி மெசேஜ் வந்து காலைல ஹெச்எம் வேலூருக்கு பஸ் ஏறிட்டிருப்பார். அன்னிக்கு அஞ்சு கிளாஸ் பாடத்தையும் ஓட்டப் பாக்காதீங்க, ஒண்ணும் நடக்காது, உங்க தொண்ட தான் போகும். நான் ஒரு பழைய அட்டப் பெட்டில பத்து நாளுக்கு தேவையானத எப்பவும் தயாரா வெச்சிருப்பேன். பேப்பர்ல இருந்து வெட்டின பெரிய எழுத்து, பழைய காலண்டர் தேதி, வாசிப்பு அட்டை, கணக்கு எழுதின துண்டுச் சீட்டு. அஞ்சாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு, நாலாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு, அவங்களச் சுத்தி சின்னதுங்க ஆறு பேர்னு வட்டமா உக்கார வெச்சு காலைல எல்லாருக்கும் தமிழ் வாசிப்பு. இன்டர்வெல் முடிஞ்சு எல்லாருக்கும் கணக்கு, ஒரே கடை கணக்கு தான், ஒண்ணாங்கிளாஸுக்கு புளியங்கொட்டை எண்ணிக் குடுக்கற வேலை, மூணாங்கிளாஸுக்கு கூட்டல் கழித்தல், அஞ்சாங்கிளாஸுக்கு கிலோ கணக்கும் மீதி சில்லறையும். ஆனா பெரிய பிள்ளைங்கள நாள் பூரா குட்டி டீச்சரா நிக்க வைக்காதீங்க, அவங்களும் படிக்க வந்த பிள்ளைங்க தான். ஒரு மணி நேரம், அதுக்கு மேல வேணாம்.

நம்ம பக்கத்து வருஷக் கணக்கும் தெரிஞ்சிருக்கணும். கொள்கை எழுதறவங்க காலண்டர்ல அது இருக்காது. பொங்கல் முடிஞ்சதுல இருந்து ரெண்டு மாசத்துக்கு ஏதாவது ஒரு ஊர்ல மாடு விடற திருவிழா இருக்கும், அன்னிக்கு பையனுங்க பாதி பேர் வர மாட்டாங்க. "சேகர் எங்கடா"ன்னா "மாடு பாக்க போய்கீறான் மிஸ்"னு பதில் வரும். பொங்கலுக்கு அப்புறம் செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பத்தோட கிளம்பறவங்களும் இருக்காங்க, பிள்ளையும் கூடவே போய்டும். அதனால புது எழுத்து, புது கணக்கு எல்லாத்தையும் டிசம்பருக்குள்ள முடிச்சிடப் பாருங்க, தை மாசி ரெண்டு மாசமும் திருப்பிப் பாக்கற மாசம்னு வெச்சுக்கோங்க.

இப்ப மேல இடத்துக்கு எப்படி எடுத்துட்டு போறதுன்னு பாப்போம். கல்வி உரிமைச் சட்டத்தோட 27வது பிரிவ எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, டீச்சர கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது. ஆனா அதுலயே மூணு விதிவிலக்கு இருக்கு, பத்து வருஷ மக்கள் தொகை கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், எலெக்ஷன் வேலை. அதனால பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ட்யூட்டி வந்தா "27வது பிரிவு"ன்னு சொல்லி மறுக்காதீங்க, நிக்காது, நடவடிக்கை தான் வரும். அதுக்கு வேற வழி இருக்கு. 2007 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல தெளிவா சொல்லிச்சு, வாக்காளர் பட்டியல், எலெக்ஷன் வேலைய டீச்சர்ங்களுக்கு லீவு நாள்லயும் பாடம் இல்லாத நாள்லயும் தான் குடுக்கணும், பாடம் நடக்கற நேரத்துல சாதாரணமா போடக் கூடாதுன்னு. 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம் வந்தப்ப ஃபார்ம் குடுத்து வாங்க ஓடின டீச்சர்ங்களுக்குத் தெரியும் அந்த மாசம் கிளாஸ் எப்படி இருந்துச்சுன்னு. அடுத்தது சென்சஸ், 2026ல வீட்டுக் கணக்கு, 2027 பிப்ரவரில ஆள் கணக்கு. ஆர்டர் வந்தா வாய்மொழியா போகாதீங்க, எழுத்துல வாங்குங்க, எந்த தேதி எத்தன மணி நேரம்னு கேளுங்க, சாயங்காலமும் சனி ஞாயிறும் செய்யறேன்னு எழுதிக் குடுங்க, ஈராசிரியர் பள்ளிங்கறத முதல் வரிலயே போடுங்க, கிளம்பறப்ப மூவ்மென்ட் ரிஜிஸ்டர்ல எழுதிட்டு போங்க. நாளைக்கு விசிட் வந்து "ஏன் இந்த கிளாஸ் பின்தங்கி இருக்கு"ன்னு கேட்டா அந்த ரிஜிஸ்டர் தான் உங்க பக்கம் பேசும்.

நாம அரசு ஊழியர், பத்திரிகைல போய் பேச முடியாது. ஆனா பெத்தவங்க பேசலாம், அவங்களுக்கு சட்டப்படி இடம் இருக்கு. 21வது பிரிவுல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு, எஸ்எம்சி, அதுல முக்கால் பங்கு பெத்தவங்க, பாதி பேர் பொம்பளைங்க. நிறைய ஸ்கூல்ல கையெழுத்து வாங்கற கூட்டமா அத முடிச்சிட்றாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். நம்ம பக்கத்துல அம்மாங்க பாதி பேர் பீடி சுத்தறவங்க, மதியம் மூணு மணிக்கு கூட்டம் போட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. சுத்தின பீடிய கணக்கு குடுத்துட்டு வர்ற நேரமா பாத்து வைங்க, முறத்தோட வந்தாலும் உக்கார வைங்க, பேசிகினே சுத்தட்டும். நான் அந்த ஜூலை நோட்ட எடுத்துட்டு போய் போர்டுல 48னு மட்டும் எழுதினேன். "உங்க பிள்ளைக்கு இத்தன நாள் இவ்ளோ நிமிஷம் தான் கெடச்சிருக்கு"ன்னேன். ஒரு அம்மா முறத்த கீழ வெச்சிட்டு "இன்னா மிஸ், அப்ப எங்க புள்ள நாள் பூரா அங்க இன்னா பண்ணிகினு கீது?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விய நான் கேக்கறத விட அவங்க கேட்டா தான் மேல கேக்கும்.

தீர்மானம் எழுதறப்ப திட்டாதீங்க, யாரையும் குத்தம் சொல்லாதீங்க, நம்பரும் கோரிக்கையும் மட்டும். நாங்க எழுதினது கிட்டத்தட்ட இப்படி: "எங்கள் பள்ளியில் 1 முதல் 5 வகுப்பு வரை 41 மாணவர்கள் பயில்கின்றனர். ஆசிரியர்கள் இருவர். ஜூலை மாதத்தின் 22 வேலை நாட்களில் 9 நாட்கள் ஓர் ஆசிரியர் மட்டுமே பள்ளியில் இருந்துள்ளார். அந்நாட்களில் ஒரு வகுப்புக்கு அனைத்துப் பாடங்களுக்கும் சேர்த்து 48 நிமிடங்களே கிடைத்துள்ளன. எனவே ஆசிரியர் ஒருவர் கூட்டம், பயிற்சி, பிற பணிகளுக்குச் செல்லும் நாட்களில் மாற்றுப்பணியில் ஆசிரியர் ஒருவரை அனுப்பித் தருமாறு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறோம்." எல்லாரும் கையெழுத்து போட்டு, ஒரு காப்பி பிஇஓ ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கணும். அதே விஷயத்த கிராம சபைலயும் வைக்கச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதில் வரலன்னா எஸ்எம்சி தலைவர், அவர் பெத்தவர் தான், திங்கக்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல மனு குடுக்கலாம். நீங்க கூட போக வேணாம். எங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் பக்கத்து ஸ்கூல்ல இருந்து ஒரு டீச்சர் வந்தாங்க. கேட்டது முழுசா கெடைக்கல, ஆனா அந்த ரெண்டு நாளுக்கு மீட்டிங் வேலைய தள்ளி வெச்சோம்.

ஆகஸ்ட் 1ம் தேதிய காலண்டர்ல பெருசா வட்டம் போடுங்க. அன்னிக்கு இருக்கற பிள்ளைங்க எண்ணிக்கைய வெச்சு தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் பண்றாங்க. ஏப்ரல், மே, ஜூன்லயே வீடு வீடா போங்க, அங்கன்வாடில அஞ்சு வயசு முடிச்ச பிள்ளைங்க பட்டியல் கேட்டு வாங்குங்க. தனியார் ஸ்கூல் வேன் ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நீங்க அந்த வீட்டு வாசல்ல நிக்கணும்.

காசு விஷயம் சுருக்கமா. 30க்கு மேல 100 வரைக்கும் பிள்ளைங்க இருக்கற ஸ்கூலுக்கு சமக்ர சிக்ஷாங்கற மத்திய அரசு கல்வித் திட்டத்துல மானியம் வருஷத்துக்கு 25,000 ரூபா. பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசு பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலன்னு 2024-25க்கு மத்திய அரசு அந்த சமக்ர சிக்ஷா காசு 2,152 கோடிய நிறுத்தி வெச்சுது. கையெழுத்து போடாதது சரின்னு தான் நான் நினைக்கறேன். பிள்ளைங்க சாக்பீஸுக்கு வர்ற காச வெச்சு ஒரு மாநிலத்த மிரட்டறது எந்த விதத்துலயும் நியாயம் இல்ல. ஆனா காசு லேட்டானா கைல இருந்து போட்றது நாம தான், ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வாங்கி வைங்க, எஸ்எம்சி மினிட்ஸ்ல ஏத்துங்க.

என்ன மாதிரி பழைய ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. 2009 ஜூனுக்கு அப்புறம் சேந்ததால அடிப்படை ஊதியம் 8,370க்கு பதிலா 5,200ல ஆரம்பிச்சவங்க நாம, பழைய பென்ஷனும் இல்லாம தான் வந்தோம், இப்ப 2025 செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால ரிடையர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் மிச்சம் இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணனும்னு ஆகிடுச்சு. பதினஞ்சு வருஷம் எழுத்து சொல்லிக் குடுத்தவள திரும்ப பரீட்சை எழுதச் சொல்றது எனக்கு நெஞ்சுல குத்தற விஷயம். சங்கம் ஒரு பக்கம் போராடட்டும், நானும் போறேன், ஆனா அத நம்பி புத்தகத்த மூடி வைக்காதீங்க. காலைல அஞ்சு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் படிங்க, ஸ்கூல் நேரத்துல டெட் புத்தகம் வேணாம்.

அந்த "மரம்" பையன் ஜனவரில அப்பா அம்மாவோட சூளைக்கு போய்ட்டான். அந்த மாதிரி போற பிள்ளைங்க பேர எமிஸ்ல உடனே காமன் பூலுக்கு (ஸ்கூல விட்டுப் போனவங்க பட்டியல்) தள்ளிடாதீங்க, அந்த மாறாத போன் நம்பர்ல பேசுங்க, அங்க பக்கத்துல ஸ்கூல் இருந்தா சேக்கச் சொல்லுங்க, இல்லனா புத்தகத்தயும் வாசிப்பு அட்டையையும் கைல குடுத்து அனுப்புங்க. அவன் ஜூன்ல திரும்பி வந்தான், கறுத்து, கொஞ்சம் வளந்து. சின்ன நோட்ட எடுத்துப் பாத்தேன், கடைசியா படிச்ச சொல் "பட்டம்", தடுமாறினது ட்-ட. போன பீரோல வெச்சு பூட்டிட்டு அந்த எழுத்துல இருந்து ஆரம்பிச்சோம்.